கர்த்தர் சொல்கிறார் என்று நான் சொன்னது

எங்கள் ஜெபவீட்டில் ஒரு வழக்கம். யாரையாவது முன்னால் அழைத்துத் தலையில் கை வைத்து ஜெபிக்கும்போது ‘வார்த்தை’ வந்தால், பக்கத்தில் நிற்பவர் சட்டென்று கைப்பேசியை எடுத்து அதைப் பதிவு செய்துவிடுவார். ஆண்டவர் சொன்னதில் ஒரு எழுத்தும் தவறிவிடக் கூடாது அல்லவா. பிறகு அந்தப் பதிவை வீட்டில் போட்டுப் போட்டுக் கேட்பார்கள். பரீட்சைக்குப் போகிற பிள்ளைக்கு, கர்ப்பிணிக்கு, வேலை கிடைக்காதவருக்கு என்று ஆளுக்கொரு பதிவு உண்டு. அவற்றில் பாதிக்கு மேல் என் குரல்தான் இருந்தது.

நான் பெரிய படிப்புப் படித்தவள் இல்லை. போத்தனூர் பக்கம் பம்ப்செட் மோட்டார் ரிப்பேர் செய்யும் பட்டறையில் வைண்டிங் வேலை. கருகிப்போன செம்புக் கம்பியை உருவி எடுத்துவிட்டுப் புதுக் கம்பி சுற்றவேண்டும். ஓடுகிற மோட்டாரின்மேல் ஸ்க்ரூ டிரைவர் முனையை வைத்து, கைப்பிடியைக் காதோடு ஒட்டிக்கொண்டு, பேரிங் போயிருக்கிறதா இல்லையா என்று சொல்லவும் தெரியும். மற்றவர்கள் என்ன சொன்னாலும் முதலாளி நம்பமாட்டார். “அந்த அம்மணியக் கூப்புடுங்க” என்பார். காது விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. அதை முதலிலேயே ஒத்துக்கொண்டுவிடுகிறேன்.

ஆண்டவருடைய சத்தத்தை நான் உண்மையாகக் கேட்டது ஒரே ஒரு முறைதான். என் வீட்டுக்காரர் இறந்து மூன்றாவது வாரம். காலை பத்து மணிக்குக் காந்திபுரத்தில் டவுன் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தேன். எந்தப் பஸ் வருகிறது என்று நான் பார்க்கவில்லை. எது வந்தாலும் அதன் முன்னால் காலை வைத்துவிட்டால் என்ன என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அப்போது யாரோ என் சின்ன வயசுச் செல்லப்பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். அந்தப் பெயரை எனக்கு வைத்த அப்பா போய்ச்சேர்ந்து வெகுகாலம். அதைச் சொல்லிக் கூப்பிட அந்தக் கூட்டத்தில் ஒருவரும் இல்லை. காதில் கேட்டதா என்றால் இல்லை என்றுதான் சொல்வேன். ஆனால் அத்தனை ஹாரன் சத்தத்திலும் அது மட்டும்தான் கேட்டது. பெயர் மட்டும். அதற்குமேல் ஒரு வார்த்தை இல்லை.

இரண்டு நாள் எனக்குப் பேச்சு வரவில்லை, சோறும் இறங்கவில்லை. அதைச் சந்தோஷம் என்று சொல்லமுடியாது. பெற்ற தகப்பனைவிடப் பக்கத்தில் ஒருவர் நிற்கிறார், ஆனால் நிமிர்ந்து முகம் பார்க்க நமக்குத் தைரியம் இல்லை. அந்த மாதிரி ஒரு பயம். அந்தப் பயத்திலேயே இருந்திருந்தால் நான் பிழைத்திருப்பேன்.

நான் அதைச் சாட்சியாகச் சொன்னேன். சபையில் எழுந்து நின்று, ஆண்டவர் நமக்குச் செய்ததைச் சொல்வதற்குத்தான் சாட்சி என்று பெயர். பெண்கள் அழுதார்கள். அன்றிலிருந்து என்னைச் ‘சத்தம் கேக்கறவங்க’ என்று மற்றவர்களுக்குச் சுட்டிக்காட்ட ஆரம்பித்தார்கள். “எனக்கும் ஒரு வார்த்தை கேட்டுச் சொல்லுங்க” என்று வருவார்கள். ஆரம்பத்தில், ஒன்றும் வரவில்லையே என்று சொல்லத் தைரியம் இருந்தது. ஆனால் வந்தவர்களின் முகம் வாடுவதைப் பார்க்க முடியவில்லை. வெறுங்கையோடு அனுப்பிப் பழக்கமில்லாத ஊர் நம்முடையது. ‘கர்த்தர் சொல்கிறார்’ என்று ஆரம்பித்துவிட்டால் மீதி தானாக வந்துவிடும் என்பதைக் கண்டுபிடித்தேன். மகளே என்று கூப்பிடவேண்டும், பயப்படாதே என்று சொல்லவேண்டும், கடைசியில் ஒரு நல்லது. அநேகமாக நல்லதுதான் நடந்தது. பரீட்சை எழுதுகிற பிள்ளைகள் பெரும்பாலும் பாஸாகத்தான் செய்வார்கள். அந்தப் புகழும் என் கணக்கில் சேர்ந்தது.

அப்படி இருக்கும்போதுதான் நங்கையா என்னிடம் வந்தார். அண்ணன் மனைவியை எங்கள் பக்கம் நங்கையா என்று கூப்பிடுவோம். என் வீட்டுக்காரர் போன பிறகு ஒரு வருஷம் எனக்குச் சேர்த்து உலை வைத்தவர். ஒரு வெள்ளிக்கிழமை உபவாச ஜெபம் தொடங்குவதற்கு முன்னால், ஜெபவீட்டின் பின்பக்கம் செருப்பு விடும் இடத்துக்கு என்னைக் கூட்டிப்போனார். என் கையைப் பிடித்துத் தன் இடது மார்பின் பக்கவாட்டில் வைத்தார். ரவிக்கைத் துணிக்குக் கீழே நெல்லிக்காய் அளவுக்கு ஒன்று இருந்தது. கெட்டியாக, நகராமல் இருந்தது.

“லேடி டாக்டருகிட்டக் காட்டினேன் கண்ணு. ஊசி வெச்சுச் சதை எடுத்துப் பாக்கோணும்னு சீட்டு எழுதிக் குடுத்துட்டாங்க. உங்கண்ணனுக்குத் தெரியாது.”

“போயிட்டு வந்தரலாமுங்க நங்கையா. நானும் வாரேன்” என்றுதான் நான் முதலில் சொன்னேன். இதைச் சொன்னேன் என்பது இன்றைக்கும் எனக்கு ஒரு சின்ன ஆறுதல். ஆனால் அது உதவவில்லை.

“எங்கம்மாவுக்கும் இதேதான். அறுத்ததுக்கப்பறம் ஆறு மாசங்கூடத் தாங்கல. கத்தி பட்டாப் பரவீரும் கண்ணு. நீ கேட்டுச் சொல்லு. அவரு என்ன சொல்றாரோ அதைச் செய்யறேன்.”

கூட்டத்தில் பாட்டு முடிந்ததும் நங்கையா முன்னால் வந்து முழங்காலிட்டார். நான் தலையில் கை வைத்தேன். யாரோ ஒரு பெண் நங்கையாவின் கைப்பேசியை வாங்கி என் வாய்க்கு நேராகப் பிடித்தாள். நான் காத்திருந்தேன். ஒன்றும் வரவில்லை. மோட்டார் நின்ற பட்டறை மாதிரி உள்ளே அத்தனை அமைதி. முப்பது பெண்கள் கண்ணை மூடிக்கொண்டு என் வார்த்தைக்குக் காத்திருந்தார்கள். அந்த அமைதியே பதில் என்று எனக்கு அன்றைக்குத் தோன்றவில்லை.

“கர்த்தர் சொல்கிறார்: மகளே, பயப்படாதே. என் கரம் உன்மேல் இருக்கிறது. நீ மனுஷர் கைக்குப் போகவேண்டாம். இதை நானே கரைத்துப்போடுவேன்.”

மனுஷர் கைக்குப் போகவேண்டாம் என்பது எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். நங்கையாவின் முகத்தில் அது எழுதியிருந்தது, நான் வாசித்தேன். அவர் குலுங்கிக் குலுங்கி அழுதார். எல்லோரும் ஸ்தோத்திரம் சொன்னார்கள். மதியம் உபவாசம் முடித்து நான் தக்காளிச் சாதம் இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டேன். ஆண்டவர் பேசியிருந்தால் எனக்கு ஒரு வாய் இறங்கியிருக்காது. இந்த யோசனையும் அன்றைக்கு வரவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமையே நங்கையா எழுந்து நின்று, தனக்கு ஒரு வியாதி இருந்தது என்றும், ஆண்டவர் அதைத் தொட்டுவிட்டார் என்றும் சாட்சி சொன்னார். என்ன வியாதி என்று சொல்லவில்லை. இப்படிச் சொல்லிவிட்டால் அப்புறம் ஆஸ்பத்திரிப் படி ஏறமுடியாது. ஏறினால் விசுவாசம் இல்லை என்று அர்த்தம். யாரும் கட்டளை போட்டதில்லை, பாஸ்டரும் அப்படிப் பிரசங்கித்ததில்லை. ஆனாலும் எங்கள் எல்லோருக்கும் அது தெரியும். டாக்டர் எழுதிக்கொடுத்த சீட்டை நங்கையா மடித்துத் தன் வேதப்புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டார்.

மாதங்கள் போயின. ஞாயிறுதோறும் நான் அவரை ஓரக்கண்ணால் பார்ப்பேன். ரவிக்கையை மாற்றித் தைத்திருந்தார். பையை எப்போதும் வலது தோளில்தான் மாட்டினார். கேட்டால் “நல்லா இருக்கேன் கண்ணு” என்பார். அப்படிச் சொன்னதும் நான் வேறு பேச்சுக்குப் போய்விடுவேன். அதற்குமேல் ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். கேட்டால் பதில் வந்துவிடுமே என்ற பயம்.

ஏழாவது மாதம் ஒரு சனிக்கிழமை. பட்டறையில் அரை நாள். முருங்கைக்கீரை கொஞ்சம் கட்டிக்கொண்டு மத்தியானம் அண்ணன் வீட்டுக்குப் போனேன். ரயில்வே லைனை ஒட்டிய வீடு. அண்ணன் டூட்டிக்குப் போயிருந்தார். கதவு ஒருக்களித்துக் கிடந்தது. உள்ளே ஒரு பெண் சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தாள். கர்த்தர் சொல்கிறார் என்றாள்.

எனக்கு முதலில் வந்தது பொறாமை. என்னிடம் சொல்லாமல் வேறு யாரையோ வரவழைத்திருக்கிறார் என்று நினைத்தேன். அந்தக் குரலும் எனக்குப் பிடிக்கவில்லை. நெய் தடவினது மாதிரி ஒரு குரல். ‘மகளே’ என்பதை இழுத்த இழுப்பில் ஒரு பெருமை. இவளுக்கெல்லாம் ஆண்டவர் பேசுவாரா என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே செருப்பைக் கழற்றினேன். “மனுஷர் கைக்குப் போகவேண்டாம்” என்று கேட்டதும் கழற்றின செருப்போடு அப்படியே நின்றுவிட்டேன். அது என் குரல்.

நங்கையா கட்டிலில் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். கைப்பேசியை மார்பின்மேல் அழுத்திப் பிடித்திருந்தார். என் குரல் அந்தக் கட்டியின்மேல் பேசிக்கொண்டிருந்தது. முடிந்ததும் விரலால் தொட்டு மறுபடியும் முதலிலிருந்து போட்டார். என்னைப் பார்த்ததும் சிரித்தார்.

“வா கண்ணு. மாத்திரையாட்ட மூணு வேளையும் இதைத்தான் வெச்சுக்கறேன்.”

பிறகு முந்தானையை விலக்கிக் காட்டினார். எலுமிச்சங்காயைவிடப் பெரிதாகியிருந்தது. மேலே தோல் ஆரஞ்சுத் தோல்போலக் குழிகுழியாக இருந்தது. அக்குளிலும் ஒன்று தட்டுப்பட்டது.

“கரையறதுக்கு முந்திக் கொஞ்சம் வீங்கும்னு நெனைக்கறேன். அப்பிடித்தான கண்ணு?”

“ஆமாங்க நங்கையா” என்றேன். என் வாழ்க்கையில் நான் சொன்னதிலேயே கேவலமான வார்த்தை அதுதான். அதற்குக் கர்த்தரின் பேர்கூட வேண்டியிருக்கவில்லை.

வீட்டுக்கு வந்து முழங்காலிட்டேன். நான் கேட்டது மன்னிப்பு இல்லை. “அப்பா, நான் சொல்லிவிட்டேன், நீர் அதைச் செய்துவிடும், என் பேரைக் காப்பாற்றும்” என்று கேட்டேன். கெஞ்சலும் அதட்டலுமாக மூன்று நாள் இதே ஜெபம். அப்பா அப்பா என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு, கடையில் வேலை செய்கிறவரை ஏவுகிற மாதிரி நான் அவரை ஏவிக்கொண்டிருந்தேன். மூன்றாம் நாள் காலை, பட்டறைக்குச் சோறு கட்டிக்கொண்டிருக்கும்போது, உள்ளே இரண்டே வார்த்தை வந்தது. போய்ச் சொல்லு.

அது அவர் சத்தம்தான் என்று இன்றைக்கும் நான் சத்தியம் செய்யமாட்டேன். சத்தியம் செய்கிற யோக்கியதை எனக்கு இல்லை. ஆனால் அதில் எனக்குச் சாதகமாக ஒரு எழுத்துகூட இல்லை. நானாகக் கற்பனை செய்திருந்தால் இன்னும் கொஞ்சம் தயவாகச் செய்திருப்பேன். டிபன் பாக்ஸை மூடாமலே வீட்டில் விட்டுவிட்டுப் பட்டறைக்குப் போனேன். காந்திபுரத்தில் வந்த அதே பயம்.

அப்படியும் நான் போகவில்லை. இதையும் எழுதிவிடுகிறேன். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நான் முதலில் வாயைத் திறந்து கெட்டேன், அப்புறம் மூடிக் கெட்டேன். பெண்கள் கூட்டம் ஒன்று வரப்போகிறது, அதில் என்னைப் பேசச் சொல்லியிருக்கிறார்கள், அது முடியட்டும் என்று நாளைத் தள்ளினேன். மூன்று வாரம். அந்த வியாதிக்கு மூன்று வாரம் என்பது எவ்வளவு பெரிது என்று பிறகுதான் தெரிந்தது.

கூட்டத்தில் எனக்கு முன்னால் நங்கையாவைச் சாட்சி சொல்ல அழைத்தார்கள். பாட்டுப் பாடும்போது எல்லோரும் இரண்டு கைகளையும் தூக்கினார்கள். நங்கையா வலது கையை மட்டும் தூக்கினார். இடது கை வீங்கி, பக்கத்தில் தொங்கியது. மோதிரத்தைக் கழற்றியிருந்தார். மைக்கைப் பிடித்து, “என்னை முழுசாச் சுகமாக்கிட்டாருங்க” என்றார். கை தட்டினார்கள். அப்புறம் நான் என்ன பேசினேன் என்று நினைவில்லை.

கூட்டம் முடிந்து வெளியே வரும்போது, புதிதாக வந்திருந்த ஒரு பெண் என் கையைப் பிடித்தாள். இடுப்பில் கைக்குழந்தை.

“ஏனுங்கக்கா, எனக்கு வலிப்பு வருமுங்க. தெனமும் மாத்திரை போடறேன். அந்த அக்காவுக்குச் சொன்னாப்பிடி எனக்கும் ஒரு வார்த்தை கேட்டுச் சொல்றீங்களா? மாத்திரைய நிறுத்திக்கலாமுங்களா?”

குழந்தை என் முந்தானை நுனியைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது. “ஒரு வேளைகூட நிறுத்தாத கண்ணு. நிறுத்தினீன்னா நானே உன்ற ஊட்டுக்கு வந்து ஒதைப்பேன்” என்று கத்திவிட்டேன். அவள் பயந்து பின்வாங்கினாள். சுற்றி நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

மறுநாள் காலை பட்டறைக்கு லீவு சொல்லிவிட்டு அண்ணன் வீட்டுக்குப் போனேன். நங்கையா முறத்தில் அரிசி பொறுக்கிக்கொண்டிருந்தார். நான் உட்காரவில்லை. உட்கார்ந்தால் வேறு பேச்சு வந்துவிடும்.

“நங்கையா, அன்னிக்கு ஆண்டவர் எங்கிட்ட ஒண்ணும் சொல்லலீங்க. நானாச் சொன்னதுங்க.”

அவர் கை நின்றது. “எதைச் சொல்ற?”

“அந்தப் போன்ல இருக்கறது. ஒரு வார்த்தைகூட அவரு சொன்னதில்லீங்க. நீங்க ஆசப்பட்டதப் பாத்து நான் சொல்லிப்போட்டேன்.”

நான் அடியை எதிர்பார்த்தேன். அழுகையை எதிர்பார்த்தேன். நங்கையா முறத்தைக் கீழே வைத்தார். பிறகு சாதாரணமாக, வழி கேட்கிறவரைப்போலக் கேட்டார்.

“அப்ப எட்டு மாசமா நான் ஆருகூடக் கண்ணு பேசிட்டு இருந்தேன்?”

“நீ போ” என்றார். நான் வந்துவிட்டேன். சாயந்திரம் போன் வந்தது. அண்ணனிடம் கட்டியைப் பற்றிச் சொல்லிவிட்டதாகவும், காலையில் ஆஸ்பத்திரிக்குப் போவதாகவும் சொன்னார். “நீயும் வா” என்றார்.

டாக்டர் இளவயதுக்காரர். பார்த்தார், அக்குளில் அழுத்தினார், கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். எத்தனை நாளாக என்று கேட்டார். எட்டு மாதம் என்றார் நங்கையா. “படிச்சவங்க மாதிரி இருக்கீங்க. ஏம்மா இத்தனை நாள் வரலை?” என்று கேட்டார். நங்கையா தலையைக் குனிந்துகொண்டார். “பயந்துட்டேனுங்க” என்றார். அண்ணன், “எங்ககிட்டச் சொல்லவே இல்லீங்க டாக்டர், நேத்துத்தான் தெரியும்” என்றார்.

என்னைக் காட்டிக்கொடுக்காமல் நங்கையா பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டது எனக்குப் புரிந்தது. பேசாமல் இருந்தால் போதும், அண்ணனுக்குக் கடைசிவரை தெரியாது. அந்த அறையில் அந்தச் சலுகை என் முன்னால் அரை நிமிஷம் இருந்தது.

“எனக்கு எட்டு மாசமாத் தெரியுமுங்க டாக்டர்” என்றேன். “என்ன செய்யறதுன்னு அவங்க எங்கிட்டத்தான் கேட்டாங்க. ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டாம்னு ஆண்டவர் சொல்றார்னு நான்தான் சொன்னேன். அவரு சொல்லல.”

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். அண்ணன் என்னைப் பார்த்தார். சின்ன வயசில் நான் என்ன தப்புச் செய்தாலும் அப்பாவிடம் அடி வாங்கிக்கொண்டவர். அன்றைக்குத் திட்டவில்லை. நாற்காலியை மட்டும் என் பக்கத்திலிருந்து நகர்த்திப் போட்டுக்கொண்டார். அது இன்னும் அங்கேயேதான் இருக்கிறது.

ஜெபவீட்டில் பாஸ்டரிடமும் சொல்லிவிட்டேன். மூன்று மாதம் பின்வரிசையில் உட்கார் என்றார். மூன்று மாதம் முடிந்தும் நான் முன்னால் போகவில்லை. யாராவது கேட்டு வந்தால், எனக்கு ஒன்றும் கேட்கவில்லை என்று சொல்கிறேன். கோபித்துக்கொண்டு போகிறார்கள். ஜெபிக்கும்போது அப்பா என்று கூப்பிடுகிறேன், அதை விடவில்லை. ஆனால் கூப்பிட்டுவிட்டு வாயைப் பொத்திக்கொள்கிறேன்.

நங்கையாவுக்குக் கீமோ நடக்கிறது. ஈரல்வரை போயிருக்கிறது என்றார்கள். மூன்று வாரத்துக்கு ஒருமுறை மருந்து ஏற்றுவார்கள். அண்ணன் வாசல்வரை கொண்டுவந்து விட்டுவிட்டு டூட்டிக்குப் போவார், உள்ளே நான் துணை இருப்பேன். என்னைத் துணைக்கு வைத்துக்கொள்ளச் சொன்னது நங்கையாதான். முடியெல்லாம் கொட்டிவிட்டது. போன வாரம் மருந்து சொட்டுச் சொட்டாக இறங்கிக்கொண்டிருந்தபோது, ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

“அவரு இப்ப எங்கூடப் பேசறாரு கண்ணு. நெசமாவே பேசறாரு.”

“என்ன சொல்றாருங்க நங்கையா?”

“உனக்குச் சொல்லமாட்டேன்” என்றார். கோபமாக இல்லை. முகத்தில் பயமும் இல்லை. காந்திபுரத்தில் எனக்குத் தெரிந்த அந்த ஒரு நாளின் அடக்கம் அவர் முகத்தில் இருந்தது. நானும் கட்டாயப்படுத்தவில்லை. கொஞ்ச நேரம் கழித்து என் கையைத் தட்டிக் கூப்பிட்டார்.

“சனிக்கெழம பொழுதோட ஊட்டுக்கு வா கண்ணு. உங்கண்ணனுக்கு ரசம் வெக்க நீதான் சொல்லித் தரோணும். அரிசிக்கு எவ்வளவு தண்ணின்னு இப்பத்தான் கத்துக்கிட்டாரு.”